மலையில் மணிக்கணக்கு

லீவுக்கு ஊட்டி போகலாம்னு இருக்கீங்களா? ஒண்ணு மனசுல வச்சுக்குங்க. மலையில தூரத்தைக் கிலோமீட்டர்ல பார்க்காதீங்க. மணிக்கணக்குல பாருங்க.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில்ல 46 கிலோமீட்டர்தான். ஏறிப்போக ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் ஆகும். கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் அப்படி ஒரு ஏத்தம். தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச இரும்புப் பட்டை ஓடும். எஞ்சினோட பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால இழுக்காது, பின்னால நின்னு தள்ளும். என்ன அருமையான வேலை அது! ஜன்னல் ஓரமா உட்கார்ந்து பார்க்கணும்.

ஊட்டிக்குப் போய் அவசரப்படலாமா? தொட்டபெட்டா, பைக்காரா, குன்னூர், கோத்தகிரின்னு ஒரே நாள்ல அலைஞ்சா, பந்தியில எல்லாத்தையும் ஒரே வாயில போட்டுக்கிட்ட மாதிரிதான். எதோட ருசியும் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு திசை போதும். வளைவு வளைவா சுத்தினா குழந்தைகளுக்குத் தலைசுத்தலும் வாந்தியும்தான் மிச்சம். அதனாலதான் சொல்றேன், மணிக்கணக்கைப் பாருங்க.

ஊட்டிக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும். புறப்படறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில வைக்காதீங்க, மேலாகவே இருக்கட்டும்.