வீடிழந்த பிள்ளையும் நம் பதிவேடும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் எத்தனை பேர் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தீர்கள்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம். நிறையப் பேர் இருக்கிறீர்கள். அப்படியானால் அந்த ஆண்டு பிப்ரவரி 28 இரவு உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு வேறு, அந்த ஓர் இரவில் எடுத்த கணக்கு வேறு. நடைபாதை, மேம்பாலத்தின் அடி, ரயில் நிலையம், கோயில் மண்டபம் என்று வீடில்லாதவர்கள் படுத்திருக்கும் இடத்துக்கே போய் அவர்களை எண்ணிய இரவு அது. நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது.

2001இல் அந்த எண் 19.4 லட்சமாக இருந்தது. ஆக, பத்தாண்டில் குறைந்திருக்கிறது. ஆனால் நகரங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் 7.8 லட்சம் 9.4 லட்சமாகக் கூடியிருக்கிறது. கிராமங்களில் ஏன் குறைந்தது? அரசு கட்டிக் கொடுத்த வீடுகளாலா? பிழைப்புக்காக ஊரை விட்டு நகரத்துக்குப் போனதாலா? எண்ணிய விதத்தில் ஏதாவது வேறுபாடா? கணக்கெடுப்பு இதற்குப் பதில் சொல்லாது. அது அதன் வேலையும் அல்ல. எத்தனை பேர் என்பதைக் கணக்கெடுப்பு சொல்லும். எதனால் குறைந்தது, எதைச் செய்தால் இன்னும் குறையும் என்பதை அறிய வேறொன்று வேண்டும். அதைத்தான் மதிப்பீடு என்கிறோம்.

மதிப்பீடு என்றதும் நமக்கு விடைத்தாள்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது பிள்ளைகளை மதிப்பிடுவதை அல்ல, திட்டங்களை மதிப்பிடுவதை. ஓர் எளிய உதாரணம் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பதினைந்து பேருக்கு மாலையில் தனி வகுப்பு எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு பேர் தேறிவிட்டார்கள். நமக்கு மகிழ்ச்சி, அறிக்கையும் எழுதிவிடுகிறோம். ஆனால் அந்த மாலை வகுப்பு இல்லாமலே எத்தனை பேர் தேறியிருப்பார்கள்? பத்துப் பேர் என்றால் நம் வகுப்பின் பலன் இரண்டு பேர். மூன்று பேர் என்றால் பலன் ஒன்பது பேர். பன்னிரண்டு என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லவே முடியாது. வகுப்புக்கு வராத, அதே நிலையில் இருக்கும் பிள்ளைகளோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

வீடிழந்த குடும்பங்களைப் பற்றி இதே கேள்வியைப் பெரிய அளவில் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. அதன் பெயர் ‘ஃபேமிலி ஆப்ஷன்ஸ் ஸ்டடி’. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஆய்வில் 5,000க்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். அவர்கள் எத்தனை பள்ளி மாறினார்கள், எத்தனை நாள் வகுப்புக்கு வரவில்லை என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. நம் தொழிலைத் தொடும் விஷயம் அது.

அந்நாட்டு நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டதன்பேரில், மத்திய அரசின் வீட்டு வசதித் துறை அதை நடத்தியது. 2010 செப்டம்பர் முதல் 2012 ஜனவரி வரை 12 இடங்களில், அவசரத் தங்கும் விடுதிகளில் குறைந்தது ஏழு நாள் இருந்த 2,282 குடும்பங்களைச் சேர்த்தார்கள். பெரும்பாலும் தாயும் ஒன்றிரண்டு பிள்ளைகளும் கொண்ட குடும்பங்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நீண்டகால வாடகை உதவி கிடைத்தது. வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தைக் குடும்பம் வாடகைக்குத் தர வேண்டும், மீதியை அரசு தரும். இரண்டாம் பிரிவுக்குச் சில மாதங்களுக்கு மட்டும் வாடகை உதவி. மூன்றாம் பிரிவுக்கு இடைக்காலக் குடியிருப்பு. அங்கே தங்க இடம் தருவதோடு வேலைத் திறன், பிள்ளை வளர்ப்பு, மனநலம் என்று பல சேவைகளும் இருக்கும். நான்காம் பிரிவுக்குத் தனியாக எதுவும் இல்லை. விடுதியில் வழக்கமாக என்ன உதவி கிடைக்குமோ அதை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும்.

குலுக்கலா, அடிபட்டு நிற்கும் குடும்பத்தின் தலையெழுத்தைச் சீட்டுக் குலுக்கியா முடிவு செய்வது என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான கேள்விதான். இரண்டு விஷயங்களை யோசித்துப் பாருங்கள். யாருக்கும் ஏற்கெனவே கிடைத்துவந்த உதவி நிறுத்தப்படவில்லை. அடுத்தது, வாடகை உதவி எப்படியும் எல்லோருக்கும் போதுமான அளவில் அங்கே இல்லை, ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பட்டியல் நீண்டுகிடந்தது. ஆளைப் பார்த்து, சிபாரிசைப் பார்த்துத் தருவதைவிடக் குலுக்கல் ஒன்றும் அநியாயம் இல்லை என்பது என் கருத்து. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. கெட்டிக்காரக் குடும்பம் ஒரு பக்கமும் துவண்டுபோன குடும்பம் இன்னொரு பக்கமுமாகச் சேர்ந்துவிடாது. பின்னால் பிரிவுகளுக்கிடையே வேறுபாடு தெரிந்தால், அது உதவியால் வந்த வேறுபாடு என்று நம்பிச் சொல்லலாம்.

20 மாதம் கழித்துப் பார்த்தார்கள், மறுபடி 37 மாதம் கழித்துப் பார்த்தார்கள்.

நீண்டகால வாடகை உதவி பெற்றவர்களிடையே, மறுபடி வீடில்லாமல் போவதும் பிறர் வீட்டில் ஒண்டிக்கொள்வதும் நான்காம் பிரிவோடு ஒப்பிட்டால் பாதியாகக் குறைந்திருந்தன. இது எதிர்பார்த்ததுதான், வாடகை கொடுத்தால் வீடு நிலைக்கும். எதிர்பாராதது வேறு. அந்தத் தாய்மார்களுக்கு ஆலோசனை வகுப்பு எதுவும் கூடுதலாகத் தரவில்லை. இருந்தும் 20 மாதத்தில் அவர்களின் மன உளைச்சல் குறைந்திருந்தது. துணைவரிடம் அடி வாங்குவது பாதியளவுக்குக் குறைந்திருந்தது. சாப்பாட்டுத் தட்டுப்பாடு குறைந்திருந்தது. பிள்ளைகள் தாயிடமிருந்து பிரிந்து வேறிடத்தில் வளர்வது குறைந்திருந்தது. பள்ளி மாறுவதும் வகுப்புக்கு வராமல் நின்றுவிடுவதும் குறைந்திருந்தன. 37 மாதத்தில் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்களும் குறைவாகவே தெரிந்தன.

சேவைகள் நிறைந்த இடைக்காலக் குடியிருப்புப் பிரிவுக்கு என்ன ஆயிற்று? அங்கே இருந்த காலத்தில் விடுதிக்குத் திரும்புவது ஓரளவு குறைந்தது. ஆனால் எந்தச் சேவைகளுக்காக அந்தத் திட்டமே வகுக்கப்பட்டதோ, அந்த வேலை, மனநலம், பிள்ளை நலம் ஆகியவற்றில் வழக்கமான உதவி பெற்றவர்களைவிட அவர்கள் மேலாக இல்லை. குறுகியகால வாடகை உதவியும் பெரிய மாற்றம் எதையும் தரவில்லை. ஆனால் இருப்பவற்றில் செலவு குறைந்தது அதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘முதலில் அவர்களைத் தயார்படுத்து, பிறகு வீடு கொடு’ என்ற எண்ணம் நமக்கு இயல்பாக வரும். நாம் ஆசிரியர்கள், கற்றுக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள். அந்த நம்பிக்கை இல்லாமல் இந்தத் தொழிலில் இருக்கவும் முடியாது. ஆனால் நாளை எங்கே படுப்பது என்று தெரியாத தாயால் பயிற்சி வகுப்பில் மனதைச் செலுத்த முடியாது. வீடு நிலைத்த பிறகு பல காரியங்களை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கும் ஒரு திட்டம் உண்மையில் பலன் தருகிறதா என்பதை அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிடிக்காத முடிவுகளும் அதே அறிக்கையில் இருக்கின்றன. நீண்டகால உதவி பெற்றவர்கள் முதல் 20 மாதத்தில் வேலைக்குப் போனது சற்றுக் குறைவு. பிள்ளைகளின் நடத்தையிலும் வருகையிலும் தெரிந்த முன்னேற்றம் படிப்புத் திறன் தேர்வுகளில் அதே அளவுக்குத் தெரியவில்லை. 37 மாதத்தில் மொத்தச் செலவு வழக்கமான உதவியைவிடச் சுமார் 9 சதவீதம் கூடுதல். நல்ல திட்டம் என்று முடிவு செய்துவிட்டு இவற்றை மறைத்திருந்தால், அது மதிப்பீடு ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

சரி, ஆய்வு வந்தது. அமெரிக்காவில் வீடின்மை தீர்ந்துவிட்டதா? இல்லை. அங்கே வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குத்தான் இன்றும் அது கிடைக்கிறது. எது பலன் தரும் என்று தெரிவது ஒன்று, அதற்குப் பணம் ஒதுக்குவது இன்னொன்று. பின்லாந்து இரண்டையும் சேர்த்துச் செய்து பார்த்தது. 2008 முதல் தங்கும் விடுதிகளையே வாடகைக் குடியிருப்புகளாக மாற்றி, முதலில் வீடு, பிறகு தேவையான துணை என்று போனார்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் கணக்கெடுக்கிறார்கள். உறவினர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்களையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். 1987இல் 18,000க்கு மேல் இருந்த எண்ணிக்கை 2023இல் 3,429 ஆகக் குறைந்தது. 2024இல் மறுபடி 3,806 ஆகக் கூடியது. ஆண்டுதோறும் எண்ணுவதால்தான் அந்த ஏற்றம் உடனே கண்ணில் பட்டது.

அந்த நாட்டு வாடகைச் சட்டமும் நம் ஊர் வாடகைச் சந்தையும் ஒன்றல்ல. அங்கே கிடைத்த விடையை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஆனால் ‘எதனோடு ஒப்பிட்டு?’ என்ற கேள்வியை எங்கேயும் கேட்கலாம்.

இனி நம் பள்ளிக்கு வருவோம். வீடின்மையைப் பள்ளியால் எவ்வளவு பார்க்க முடியும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்தே இன்னொரு கணக்கு. 2023 ஜனவரியில் ஓர் இரவில் எண்ணியபோது, பெரியவர், சிறியவர் எல்லோருமாக வீடில்லாதவர்கள் சுமார் 6.5 லட்சம் பேர். ஆனால் 2022–23 கல்வியாண்டில் அங்குள்ள பள்ளிகள் கண்டறிந்த வீடற்ற மாணவர்கள் மட்டுமே 13 லட்சத்துக்கு மேல். ஒன்று ஓர் இரவுக் கணக்கு, மற்றது ஓர் ஆண்டுக் கணக்கு, ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. ஆனாலும் வேறுபாட்டுக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்த மாணவர்களில் பெரும்பாலோர் நடைபாதையில் இல்லை. சித்தி வீட்டிலும் தெரிந்தவர் வீட்டிலும் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். இரவில் தெருவில் நடந்து எண்ணுகிறவர் கண்ணில் அவர்கள் பட மாட்டார்கள், வகுப்பாசிரியருக்குத்தான் தெரியும். அங்கே 1987இல் வந்த சட்டம் ஒன்று அந்தப் பிள்ளைகளைப் பதிவு செய்யவும், பழைய பள்ளியிலேயே தொடர்ந்து படிக்க விடவும், போக்குவரத்து ஏற்பாடு செய்யவும் வழி செய்திருக்கிறது.

நம்மிடமும் எமிஸ் இருக்கிறது, வருகைப் பதிவேடு இருக்கிறது, மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது. ஒரு பிள்ளை இந்த ஆண்டில் எத்தனை முறை முகவரி மாறியது, அந்த மாற்றத்துக்கு முந்தைய மாதமும் பிந்தைய மாதமும் எத்தனை நாள் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால் போதும். தனியாகப் படிவம் எதுவும் வேண்டாம், ஏற்கெனவே படிவங்களுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையை வகுப்பில் எழுப்பி ‘உனக்கு வீடு இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தாயிடமோ பாட்டியிடமோ தனியே பேசினால் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட பிள்ளை வந்தால் நமக்கு உடனே தோன்றுவது உண்டு உறைவிடப் பள்ளி. பல பிள்ளைகளுக்கு அது பெரிய வாழ்வு கொடுத்திருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அனுப்பிய பத்துப் பேரில் ஓராண்டு கழித்து எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள், இங்கேயே தாயோடு இருந்து பேருந்துப் பாஸில் வந்தவர்களில் எத்தனை பேர் தொடர்ந்து படிக்கிறார்கள் என்று யாராவது எடுத்துப் பார்த்திருக்கிறோமா? ஒரு பள்ளியில் எண்ணிக்கை சின்னதாக இருக்கும், அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஒரு வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரி எழுதிவைத்தால், வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொண்டுபோய்ப் பேசக்கூடிய அளவுக்கு ஒரு கணக்கு கிடைக்கும்.

இதற்கெல்லாம் பிள்ளை பள்ளிக்குள் வந்தாக வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது, அது 5ஆம் பிரிவு. வீட்டை விட்டு ஓர் இரவில் கிளம்பிய குடும்பத்தின் கையில் எந்தத் தாளும் இருக்காது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. உங்களில் பலருக்கு அந்தப் பணி வரும். மேம்பாலத்தடியில் எண்ணும்போது உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவரைப் பார்க்க நேரலாம். அங்கே எழுதியதைப் பள்ளிக்குக் கொண்டுவர முடியாது, சட்டப்படி அது ரகசியம். பள்ளியில் தெரிந்ததைப் பள்ளிப் பதிவேட்டில்தான் எழுத வேண்டும், அதற்கு 2027 வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.

இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.