மெட்டு மறைத்த சொல்



ஒரு பாடலைப் பல்லாயிரவர் விரும்பிப் பாடியும் அதன் பொருள் அவர்கள் நெஞ்சில் பதியாமற் போகலாம். இதற்குச் சான்றாக, இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பாடல் ஒன்றை இன்று ஆராய்வோம்.

லாவெர்ன், மேக்சின், பேட்டி என்னும் ஆண்ட்ரூஸ் சகோதரியர் மூவரும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தவர். ஒன்றோடொன்று இழையும் குரல்களால் போர்வீரர்களை மகிழ்வித்துப் பெரும்புகழ் எய்தியவர்கள். அவர்கள் பாடிய ‘ரம் அண்ட் கோக்கா கோலா’ என்னும் இசைத்தட்டு 1945ஆம் ஆண்டில் பில்போர்டு பட்டியலில் 10 வாரங்கள் முதலிடம் வகித்தது.

ஆயினும் அப்பாடலின் வேர் அமெரிக்காவில் இல்லை. கரீபியக் கடலின் டிரினிடாட் தீவில் உள்ளது. 1940இல் பிரிட்டன் 50 பழைய போர்க்கப்பல்களைப் பெற்றுக்கொண்டு, தன் ஆட்சிக்குட்பட்ட சில நிலப்பகுதிகளில் படைத்தளம் அமைக்கும் உரிமையை 99 ஆண்டுக் குத்தகையாக அமெரிக்காவிற்கு அளித்தது. அவற்றுள் டிரினிடாட்டும் ஒன்று. வீரர்கள் வந்தனர், டாலரும் வந்தது.

நாட்டு நடப்பை எள்ளலுடன் பாடுவது அத்தீவின் கலிப்சோ மரபு. அம்மரபில் வந்த லார்ட் இன்வேடர் என்னும் ரூப்பர்ட் கிரான்ட், தாயும் மகளும் வீரர்களின் டாலரை நாடி உழலும் நிலையைப் பாட்டாக்கினார். மெட்டு, லயனல் பெலாஸ்கோ பல ஆண்டுகளுக்கு முன்னரே அமைத்தது.

1943இல் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் மோரி ஆம்ஸ்டர்டாம் படைவீரர்களுக்கு நிகழ்ச்சி நடத்த அத்தீவிற்குச் சென்றார். பின்னர் அப்பாடல் அவர் பெயரில் அமெரிக்காவில் வெளிவந்தது. வழக்குகள் எழுந்தன. சொல்லும் மெட்டும் பிறரிடமிருந்து எடுக்கப்பட்டவையே என்று அமெரிக்க நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. வானொலி நிறுவனங்கள் சில இப்பாடலை ஒலிபரப்ப மறுத்தன. மதுவின் பெயரும் ஒரு வணிகப் பெயரும் இடம்பெற்றதே அதற்குக் கூறப்பட்ட காரணம். தாளமே தங்களை ஈர்த்தது, சொற்பொருளைத் தாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்று மேக்சின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். குடிவகையின் பெயர் பலர் செவியில் விழுந்தது. ஒரு தாயின் நிலை விழவில்லை.

நம் புறநானூற்றைத் தொகுத்தோர் பாட்டை மட்டும் நமக்கு விட்டுச் செல்லவில்லை. திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர், பாடிய சூழல் ஆகியவற்றையும் பல பாடல்களின் அடியில் குறித்துவைத்தனர். அக்குறிப்புகள் இன்றேல் பல பாடல்கள் வெறும் ஓசையாகவே நமக்கு எஞ்சியிருக்கும். வகுப்பறையில் எந்தப் பாடலைக் கற்பித்தாலும், இயற்றியவர் யார், எச்சூழலில் பிறந்தது, யாருடைய வாழ்வைச் சொல்கிறது என்னும் மூன்று வினாக்களை மாணவர்முன் வைப்போம். மெட்டைச் சுவைப்போம், சொல்லுக்கும் அதற்குரியவருக்கும் உரிய மதிப்பை வழங்குவோம்.