அடையாள வில்லை சேர்த்த மருத்துவர்



போர் மறவரைப் பற்றிப் பேசுவதற்கு நம் மொழியில் சொற்பஞ்சம் இல்லை. வெட்சி, வஞ்சி, தும்பை, வாகை எனத் திணை வகுத்துப் பாடிய மரபு நம்முடையது. ஆயினும், கொல்வதற்கன்றிக் காப்பதற்காகக் களம் புகுந்த ஒருவரைப் பற்றிப் பேச முற்படுங்கால் நாம் சற்றே தடுமாறுகிறோம். புறநானூற்றின் 281ஆம் பாட்டில் புண்பட்ட வீரனைப் பேணும் காட்சி உண்டு. மனையில் வேப்பிலை செருகி, ஐயவி சிதறி, காஞ்சி பாடி அவனைக் காக்கின்றனர். ஆனால், அது வீட்டில் நிகழும் பேணல். இன்று நாம் நினைவுகூரும் நோயல் ஷவாஸ் அப்பணியைக் குண்டுமழைக்கு நடுவே செய்தவர்.

விக்டோரியா சிலுவை என்னும் பிரிட்டானியப் படைத்துறையின் மிக உயர்ந்த விருதை இருமுறை பெற்றோர் இதுவரை மூவரே. அம்மூவருள் இருவர் மருத்துவர் என்பது பலர் அறியாத செய்தி. ஒருவர் ஆர்தர் மார்ட்டின்-லீக், மற்றவர் ஷவாஸ். முதல் உலகப் போர் ஒன்றிலேயே இருமுறை பெற்றவர் ஷவாஸ் மட்டுமே.

1884ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபர்டில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்தார். தந்தையார் பின்னாளில் லிவர்பூல் நகரின் பேராயர் ஆனார். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இரட்டையர் இருவருமே 400 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டு, முதற்சுற்றிலேயே வெளியேறினர். (தோல்வியைக் கண்டு துவளும் மாணவர்க்கு இதனைச் சொல்லலாம்.) மருத்துவராகத் தேறிய பின், லிவர்பூல் ஸ்காட்டிஷ் என்னும் படைப்பிரிவின் மருத்துவ அலுவலராகப் போர்முனை சென்றார்.

1915ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள், பெல்ஜியத்தின் ஹூகே என்னுமிடத்தில் அப்பிரிவினர் 542 பேர் தாக்குதலுக்குச் சென்றனர். ஊறின்றி மீண்டவர் 142 பேர். அங்கு ஆற்றிய பணிக்காக ஷவாஸுக்கு மிலிட்டரி கிராஸ் விருது வழங்கப்பட்டது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில், பிரான்சின் சோம் போர்க்களத்தில், கீய்மோன் என்னும் சிற்றூர்ப் புறத்தே நிகழ்ந்ததைச் சற்று விரிவாகக் காண்போம். பகல் முழுதும் பகைவர் பார்வையில் நின்று புண்பட்டோர்க்கு மருத்துவம் செய்தார். இரவில் பகைவர் அகழிக்கு முன்னால் நான்கு மணிநேரம் தேடினார். மறுநாள், தூக்குப்படுக்கை சுமக்கும் ஒருவருடன் சென்று, உயிருக்குப் போராடிய ஒருவரை 500 கஜ தூரம் தூக்கி வந்தார். வழியில் எறிகணைச் சிதறல் அவரது விலாவில் பாய்ந்தது. அன்றிரவே தொண்டர் இருபதின்மருடன் மீண்டும் சென்று, பகைவர் அகழியிலிருந்து 25 கஜ தொலைவிலிருந்த குண்டுக்குழியினின்று மூவரை மீட்டார். இரண்டு அதிகாரிகளின் உடல்களைப் புதைத்தார். இறந்தோரின் அடையாள வில்லைகள் பலவற்றைச் சேகரித்தார். இவையெல்லாம் விருதுக்குரிய அரசறிக்கை கூறும் செய்திகளே. ஏறத்தாழ இருபது உயிர்களை அவர் காத்தார் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

அடையாள வில்லை பற்றிய அவ்வொரு தொடரில் நாம் நின்று விடுகிறோம். இறந்தவர்க்கு மருத்துவரால் ஆவது ஒன்றுமில்லை. இயந்திரத் துப்பாக்கி சுடும் இருளில், உயிரற்ற கழுத்துகளினின்று அவ்வில்லைகளை அவர் ஏன் கழற்ற வேண்டும்? வில்லை கிடைத்தால்தான் ஓர் இல்லத்துக்கு உறுதியான செய்தி போகும். கிடைக்காவிடில், ‘காணவில்லை’ என்னும் ஒரு சொல்லோடு ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் வாயிலை நோக்கியிருப்பாள். அந்நாளில் ஒரு வீரருக்கு ஒரு வில்லையே வழங்கப்பட்டது என்பது இன்னொரு கொடுமை. அதனைக் கழற்றினால் வீட்டாருக்குச் செய்தி கிட்டும், உடலோ பெயரற்றதாகும். 1916 செப்டம்பரில்தான், அதாவது கீய்மோனுக்கு அடுத்த மாதந்தான், ஒன்றை எடுக்கவும் மற்றொன்றை உடலோடு விடவும் இரு வில்லைகள் என்னும் முறை ஆணையாயிற்று. சோம் வட்டாரத்தில் கல்லறை அறியப்படாத 72,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இன்று தியெப்வால் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

அத்துயரம் ஷவாஸின் வீட்டுக்கும் வந்தது. 1917 சூலைத் தொடக்கத்தில் அவருடைய தம்பி ஏய்டன் போர்முனையில் காணாமற்போனார். உடல் கிடைக்கவேயில்லை. பிறர் வீட்டுப் பிள்ளைகளின் வில்லைகளைத் திரட்டியவரின் தம்பிக்குக் கல்லறை இல்லை. ஈப்ர் நகரின் மெனின் வாயிலில் பெயர் மட்டும் உள்ளது.

ஒரு திங்கள் கழியுமுன், சூலை 31ஆம் நாள், ஈப்ருக்கு அருகில் பெருந்தாக்குதல் தொடங்கியது. மாலையில் பெய்யத் தொடங்கிய மழை களத்தைச் சேறாக்கியது. புண்பட்ட ஒருவரைத் தூக்கிச் செல்கையில் ஷவாஸ் தாமே கடுங்காயமுற்றார். பின்னுக்குச் செல்லலாம் என்றபோதும் பணியிடத்தை நீங்க மறுத்தார். உணவு ஏறக்குறைய இன்றி, இரு நாள் மீண்டும் மீண்டும் வெளியே சென்று தேடினார். ஆகஸ்டு 2ஆம் நாள் அவரது உதவி நிலையத்தின்மீது எறிகணை விழுந்தது; வயிற்றில் பெரும்புண். பிராண்ட்ஹூக் மருத்துவ நிலையத்தில் அறுவை மருத்துவம் செய்தும் பயனின்றி, ஆகஸ்டு 4ஆம் நாள் உயிர் நீத்தார். அகவை 32. திருமணம் உறுதியாகியிருந்த காலம் அது. இரண்டாம் விருது செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

மாணவர் கட்டுரைகளில் இத்தகையோரின் விருதுகளை எண்ணிக் காட்டுவதோடு எழுதுகோல் நின்றுவிடுவதைக் காண்கிறோம். குறை மாணவருடையதன்று, நாம் கற்பிக்கும் முறையினது. ‘அஞ்சா நெஞ்சர்’ என்று எழுதினால் மதிப்பெண் தருகிறோம். அவர் எதைத் தேடி இருளில் சென்றார் என்று கேட்பதில்லை. போரைப் புகழாமல் இவரைப் புகழ இயலுமா என்னும் வினாவையும் வகுப்பில் எழுப்பலாம். இயலும் என்பதே எம் கருத்து. ஆனால், விடை கூறுமுன் ஹூகேயின் அந்த 542, 142 என்னும் எண்களையும் கரும்பலகையில் எழுதிவிடுதல் நேர்மை.

பிராண்ட்ஹூக்கில் உள்ள அவரது கல்லறைக் கல்லில் இரண்டு விக்டோரியா சிலுவைகள் அருகருகே செதுக்கப்பட்டுள்ளன. அத்தகைய கல் வேறெங்கும் இல்லை. அதனைப் பேணும் அதே காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையந்தான் சிங்கப்பூரின் கிராஞ்சியையும் பேணுகிறது. கல்லறை கிட்டாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களை அங்குள்ள சுவர்கள் தாங்கி நிற்கின்றன. இந்தியப் படையினர் பலரின் பெயர்களும் அவற்றுள் உண்டு. மாணவரை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், புல்வெளியில் பெயரில்லாமல் நிற்கும் கற்களின் முன்னும் சற்று நேரம் அவர்களை நிறுத்துமாறு வேண்டுகிறோம். வில்லை சேர்க்க எவரும் வாய்க்காதவர்களின் கற்கள் அவை.