கட்டும் கை, காக்கும் கை

நள்ளிரவு. ஆஸ்பத்திரி வார்டிலே ஒரு முதியவர் காய்ச்சல் வேகத்தில் நினைவு தடுமாறி, கையில் ஏறும் குளூகோஸ் குழாயைப் பிடுங்க முயல்கிறார். அங்கே இருப்பவள் ஒரே ஒரு நர்ஸ். கையைக் கட்டிவிடலாமா? எளிய கேள்விதான், ஆனால் இதற்கு விடை காண மனிதகுலம் நெடுங்காலம் தடுமாறியிருக்கிறது.

பிரெஞ்சு நாட்டிலே, பாரிஸை அடுத்த பிசேத்ர் விடுதியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணித்து வைத்திருந்தனர். 1797-ல் அச்சங்கிலிகளை அகற்றியவர் புஸ்ஸேன். அவர் வைத்தியர் அல்லர். கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற அங்கே வந்து, பின்னர் அங்கேயே ஊழியரானவர். அருகிலிருந்து பணி செய்தவரே உண்மையை முதலில் உணர்ந்தார்!

நம் நாட்டுக்கும் இதிலே ஒரு துயரப் பாடம் உண்டு. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கிய கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் பிணிப்புண்டவர்கள் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடுக்கிறது. உடனடி அபாயத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, மிகக் குறைந்த நேரம் கட்டலாம். தண்டனையாகக் கட்டலாகாது, ஆட்கள் போதவில்லை என்பதும் காரணமாகாது.

ஆகவே, தாதியர் பயிற்சியில் முதற்பாடம் கட்டுவதன்று, காரணம் தேடுவது. நோயாளிக்கு வலியா? தாகமா? சிறுநீர் முட்டுகிறதா? புதிய இடத்தைக் கண்டு அச்சமா? விளக்கை ஏற்றி, பெயர் சொல்லி அழைத்து, உற்றார் ஒருவரை அருகில் இருத்தினாலே பலர் அமைதியுறுவர்.

கட்டியே தீரவேண்டுமெனில், மென்துணிப் பட்டை வேண்டும். இடையே இரு விரல் நுழைய வேண்டும். ஏற்றி இறக்கும் பக்கத்தடுப்பில் அன்றி, கட்டிலின் சட்டத்திலேயே, இழுத்தவுடன் அவிழும் முடிச்சாக இடவேண்டும். குப்புறக் கிடத்தினால் மூச்சு அடைபடும். விரல்நுனி குளிர்கிறதா, நீலம் பாய்கிறதா என்று அடிக்கடி பார்க்கவேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறையேனும் அவிழ்த்து, கைகால்களை அசைத்து, நீர் புகட்டி, யாவற்றையும் குறித்து வைக்கவேண்டும்.

பயிற்சிச் சாலையில் மாணவியர் ஒருவரையொருவர் கட்டிப் பார்ப்பது நன்று. மூக்கு நமைக்கும்போது கை எழாத தவிப்பைக் கால்மணி நேரம் அனுபவித்தவள் பிறரை அலட்சியமாகக் கட்டமாட்டாள்.

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் நாளை வெள்ளுடை அணிந்து வார்டில் நிற்பீர்கள். முடிச்சிடக் கற்பது ஒரு நாள் வேலை. எப்போது அவிழ்ப்பது என்று அறிவதே கல்வி.