மூக்குத்தண்டில் ஒரு கம்பி

தைப்பூசம் நெருங்கிவிட்டால் பாடாங் செராய் வட்டாரத்தில் விக்டோரியா தோட்டம், ஹென்ரியட்டா தோட்டம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் விரதம், காவடி பற்றிய பேச்சுதான். நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்தி வரும் இளைஞனைக் கையெடுத்துக் கும்பிடுகிறார் ஓர் அப்பா. அவருடைய மகனே இரண்டு கண்களுக்கும் நடுவில், மூக்குத்தண்டின் குறுக்காக ஒரு கம்பியைச் செருகிக்கொண்டு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். "அலகு குத்துனா சாமி, இது குத்துனா மட்டும் ரவுடியாப்பா?" என்று கேட்கிறான் பையன். நியாயமான கேள்வி. அதட்டினால் பையன் வாயை மூடிக்கொள்வான், கேள்வி மூடிக்கொள்ளாது.

அலகு நேர்த்திக்கடன். விரதம் இருந்து, பெரியவர்கள் சூழ நின்று, திருநீறு இட்டுக் குத்துகிறார்கள். சன்னிதிக்குப் போனதும் கழற்றிவிடுகிறார்கள். சில மணி நேரம்தான் அது உடலில் இருக்கிறது. மூக்குத்தண்டுக் கம்பி இரவும் பகலும் அங்கேயே கிடப்பது. முகம் கழுவும்போதும், தூங்கும்போதும், தலைக்கவசம் மாட்டும்போதும் இடிபடுவது. இரண்டும் ஊசிதான் என்றாலும் உடலுக்கு இரண்டும் ஒன்றல்ல.

நம் பாட்டிமார் மூக்குத்தி போட்டார்கள், புல்லாக்கு போட்டார்கள், நத்து போட்டார்கள். மூக்கின் மடலிலும் நடுத்தடுப்பிலும் நகை உண்டு; மூக்குத்தண்டில் குறுக்காகப் போடும் நகை நம் வழக்கத்தில் இல்லை. அது மேல்நாட்டுக் கடைகளில் தோன்றி, படங்கள் வழியாக இங்கே வந்தது. வெளியிலிருந்து வந்தது என்பதாலேயே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. கால்சட்டையும் வெளியிலிருந்து வந்ததுதான்!

மூக்குக் குத்தியதற்காக ஒரு தமிழ்ப் பெண் நாட்டின் உச்ச அமைப்பான நீதிமன்றம் வரை போன கதை தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 2004-இல் டர்பன் நகரில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் படித்த மாணவி, விடுமுறையில் மூக்குக் குத்திச் சிறிய தங்க மூக்குத்தியோடு திரும்பினாள். கழற்றச் சொன்னது பள்ளி. தாயார் மறுத்தார். பெண் பருவமடைந்ததும் மூக்குக் குத்துவது தங்கள் குடும்ப வழக்கம். பதினாறு வயது நிறைந்ததும் பாட்டி அதை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவார் என்று பள்ளிக்கு விளக்கினார். 2005-இல் கீழ் நீதிமன்றத்தில் தோல்வி. 2006-இல் உயர் நீதிமன்றத்தில் வெற்றி. 2007 அக்டோபர் 5-ஆம் நாள் அரசியல் சாசன நீதிமன்றம் மாணவியின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள்.

தலைமை நீதிபதி பியஸ் லாங்கா எழுதிய அந்தத் தீர்ப்பில் இரண்டு செய்திகள் நம் பெற்றோருக்கு உரியவை. மூக்குத்தி கட்டாயச் சமயக் கடமை அல்ல என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் மனமார ஏற்றுப் பின்பற்றும் பண்பாட்டு வழக்கத்திற்குப் பாதுகாப்பு உண்டு என்றது. வெறும் அலங்காரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆக, நம் பையன் தன் கம்பிக்கு இந்தத் தீர்ப்பைத் துணைக்கு அழைக்க முடியாது. இன்னொன்று, வழக்கு முழுவதும் அம்மாவும் பள்ளியும்தான் பேசினார்கள். அந்தப் பெண்ணின் வாயிலிருந்தே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நீதிபதி வருந்தினார். எத்தனை வீடுகளில் பிள்ளையிடம் "ஏன் வேணும்?" என்று கேட்கிறோம்?

கேட்டுவிட்டு, உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கம்பி எலும்பில் போவதில்லை. மேல் தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்துவது. தோல் மெலிந்த இடம். கம்பி மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டு, கடைசியில் தழும்பு மட்டும் மிஞ்சுவதும் உண்டு. மூக்குக் கண்ணாடி போடுகிறவருக்குத் தொல்லை இரட்டிப்பு. புண் ஆற இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நிக்கல் கலந்த மலிவுக் கம்பி அரிப்பைக் கொடுக்கும். சுத்தம் செய்யாத ஊசி மஞ்சள் காமாலைக் கிருமியையும் எச்.ஐ.வி.யையும் கொண்டுவரலாம். மூக்கைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களுக்கு மூளைப் பக்கமும் தொடர்பு உண்டு. அங்கே சீழ் பிடித்தால் கிருமி உள்ளே ஏறுவது அபூர்வம். ஏறினால் உயிருக்கே ஆபத்து.

அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்துக்கு ஆசாரி வந்து, மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவார். துளையில் வேப்பங்குச்சி செருகி, மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவிப் பாட்டி பார்த்துக்கொள்வாள். இன்றைக்கு ஊசியும் கம்பியும் ஒரே பொட்டலமாக இணையத்தில் கிடைக்கின்றன. நண்பனின் அறைக் கண்ணாடி முன்னால் குத்திக்கொள்கிறார்கள். பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

எஸ்.பி.எம். முடித்துக் கூலிம் தொழிற்பேட்டையில் வேலை தேடும் பிள்ளைகள் இன்னொன்றையும் யோசிக்கட்டும். தூசி புகக்கூடாத மின்னணு அறைகளில் நகைக்கு இடமில்லை. ஆறாத புண்ணிலிருந்து கம்பியைத் தினமும் கழற்றி மாட்டினால் புண் ஆறவே ஆறாது.

ஏற்கெனவே குத்திக்கொண்டவர்கள் வீட்டில் ஒளிக்க வேண்டாம். உப்புநீரில் மட்டும் கழுவுங்கள், கையால் திருகாதீர்கள். சிவந்து, சீழ் வடிந்தால் பக்கத்துக் கிளினிக்குக்குப் போங்கள். நீங்களே கம்பியைப் பிடுங்கினால் துளை மூடி, சீழ் உள்ளேயே தங்கிவிடும். காய்ச்சலோடு கண் வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, கடும் தலைவலி வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கூலிம் மருத்துவமனையும் சுங்கைப் பட்டாணி மருத்துவமனையும் இரவிலும் திறந்திருக்கின்றன. திட்டுவதை அப்பா மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.