லேக் சக்சஸில் ஒரு வாக்கு, கொழும்பில் ஒரு சட்டம்



1948 ஓகஸ்ட் 18ஆம் திகதி நியூயோர்க்கிற்கு அருகே லேக் சக்சஸில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை கூடியது. அங்கத்துவம் கேட்டு இலங்கை அனுப்பிய விண்ணப்பம் அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக ஒன்பது வாக்குகள் விழுந்தன. சோவியத் ஒன்றியமும் உக்ரேனும் எதிர்த்தன. சோவியத்தின் வாக்கு வீட்டோ என்பதால் விண்ணப்பம் வீழ்ந்தது. சுதந்திரக் கொடி ஏறி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த நாடு உண்மையிலேயே சுதந்திரம் பெற்றதா, அல்லது பிரித்தானியாவின் குடியேற்ற நாடாகவே தொடர்கிறதா என்பதுதான் சோவியத் எழுப்பிய கேள்வி. அதே ஆண்டு டிசம்பரிலும், 1949 செப்டெம்பரிலும் கதவு மீண்டும் மூடப்பட்டது.

அந்த வாக்கெடுப்பு நடந்து இரண்டே நாளில், ஓகஸ்ட் 20ஆம் திகதி, கொழும்பில் பாராளுமன்றம் பிரஜாவுரிமைச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. நவம்பர் 15இல் அது சட்டமானது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய வம்சாவளித் தோட்ட மக்கள் நாடற்றவர்களானார்கள்.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் நம் வரலாற்றாசிரியர்கள் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்திருக்கிறார்கள். முதலாவது வெளிநாட்டுக் கொள்கை என்ற அத்தியாயத்தில், இரண்டாவது சிறுபான்மையினர் பிரச்சினை என்ற அத்தியாயத்தில். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதே இந்த அரங்கின் முன் நான் வைக்கும் வேண்டுகோள். ஒரு நாட்டின் சுதந்திரம் மெய்யா பொய்யா என்று உலகம் வழக்காடிக்கொண்டிருந்த அதே கிழமையில், அந்த நாட்டின் மக்கள் யார் என்ற கேள்விக்கு வழக்கே இல்லாமல் தீர்ப்பு எழுதப்பட்டது.

சோவியத் வாதத்தை வெறும் பனிப்போர்ப் பகைமை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. அதில் சாரம் இருந்தது. 1947 நவம்பர் 11ஆம் திகதி பிரித்தானியாவும் இலங்கையும் மூன்று உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டன: பாதுகாப்பு, வெளிவிவகாரம், அரசாங்க உத்தியோகத்தர்கள். அதற்குப் பின்னர்தான், டிசம்பர் 10இல், இலங்கைச் சுதந்திரச் சட்டம் வந்தது. திருகோணமலையில் கடற்படையும் கட்டுநாயக்கவில் விமானப்படையும் தொடர்ந்து இருக்க முதலில் வழி செய்யப்பட்டது. விடுதலை பிறகு கையில் கிடைத்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் இந்தியா கையைவிட்டுப் போனபின் இந்து சமுத்திரத்தில் பிரித்தானியாவுக்குத் துறைமுகம் தேவைப்பட்டது. டி. எஸ். சேனநாயக்காவுக்கு டொமினியன் அந்தஸ்து தேவைப்பட்டது. கொடுக்கல் வாங்கல் நடந்தது. அதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. படைபலம் இல்லாத சிறு நாட்டின் தலைவர் தன்னிடம் இருந்ததை வைத்துப் பேரம் பேசினார்.

ஆனால் சோவியத்துக்கும் அந்த வாதத்தின்மேல் உண்மையான பற்று இருக்கவில்லை. 1955 ஏப்ரலில் பாண்டுங் மாநாட்டில் இலங்கைப் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் நடத்துவதும் குடியேற்ற ஆட்சிதானே என்று பகிரங்கமாகக் கேட்டார். நியாயப்படி பார்த்தால் மொஸ்கோவின் கோபம் கூடியிருக்க வேண்டும். எட்டு மாதம் கழித்து, டிசம்பர் 14ஆம் திகதி, இலங்கை உட்பட 16 நாடுகள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு ஐக்கிய நாடுகள் சபைக்குள் எடுக்கப்பட்டன. மேற்குலகம் விரும்பிய நாடுகள் சில, சோவியத் விரும்பிய நாடுகள் சில. அந்தப் பேரத்திலும் மொங்கோலியா ஒரு வீட்டோவாலும் ஜப்பான் இன்னொரு வீட்டோவாலும் வெளியே நின்றன. அன்றைக்கும் திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படை இருந்தது. அது போனது 1957இல்தான். 1948இல் பொய்யாயிருந்த சுதந்திரம் 1955இல் எப்படி மெய்யானது? நாட்டுக்குள் எதுவும் மாறவில்லை. வெளியே கணக்கு மாறியது.

இனி நாம் கூடியிருக்கும் இந்த ஊவா மலைநாட்டுக்கு வருவோம். திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மலைகளைப் பார்ப்பதில்லை. பிரித்தானியாவுக்கு இலங்கை பெறுமதியானதாக இருந்ததற்குக் காரணம் துறைமுகம் மட்டுமல்ல, தேயிலையும்தான். 1924இல் பதுளை வரைக்கும் புகையிரதப் பாதை வந்தது இந்த மலைகளின் கொழுந்தை நம்பித்தான். பசறை, நமுனுகுல, லுணுகலை, ஹாலிஎல, ஹப்புத்தளை என்று நீளும் தோட்டங்களில் பெரட்டுக்கு நின்று, கொழுந்து எடுத்து, லயத்துக்குத் திரும்பிய மக்கள் நாட்டின் ஏற்றுமதியைச் சுமந்தார்கள். 1947இன் பேரத்தில் மேசைக்கு வந்த செல்வத்தில் அவர்களுடைய உழைப்பும் சேர்ந்திருந்தது.

அவர்கள் வெறும் கூலிப்படையாகவும் இருக்கவில்லை. 1940இல் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையைக் கலந்துதான் எதையும் செய்வேன் என்று தோட்டத்துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் என்று கச்சேரிப் பதிவேடுகள் இகழ்ந்த மக்கள், இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வர எட்டாண்டுக்கு முன்பே தமக்கொரு பிரதிநிதித்துவ அமைப்பை உண்டாக்கிக் காட்டினார்கள். நம் அரசியல் விஞ்ஞான மாணவர்கள் ரூசோவைப் படிக்கட்டும், வேவெஸ்ஸவையும் படிக்கட்டும். 1947 பொதுத் தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா பதுளையிலிருந்து பாராளுமன்றம் போனார். அலுத்நுவரவிலிருந்து டி. இராமானுஜம் போனார். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கு வலுச் சேர்த்தன. அந்த வாக்குத்தான் ஆட்சியாளரிடம் அச்சத்தை உண்டாக்கியது. 1948இல் பிரஜாவுரிமை போனது, 1949இல் தேர்தல் திருத்தச் சட்டத்தால் வாக்கும் போனது, 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. எனக்கு இதில் ஐயம் கிடையாது: வாக்கைப் பறிப்பதற்காகவே பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது.

இன்னும் பின்னால் போக வேண்டும். பெரிய அரசுகள் மேசையில் ஒப்பமிட்டதை ஊவா ஏற்க மறுத்த கதை இருநூறு ஆண்டு பழையது. 1802இல் அமியன்ஸ் உடன்படிக்கையால் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியாவுக்குக் கைமாறியது. ஐரோப்பாவில் பிரான்சுடன் நடந்த போரின் ஒரு கணக்குத் தீர்ப்பு அது. அந்த மேசையில் கண்டி அரசனுக்கு இடமில்லை. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் அரசனை நீக்கி முடியைப் பிரித்தானியாவுக்குக் கொடுத்தது. பிரதானிகள் ஒப்பமிட்டார்கள். ஆகவே மக்களின் சம்மதத்தோடுதான் நாட்டை எடுத்தோம் என்று தேசாதிபதி பிரவுண்றிக் சொல்லிக்கொள்ள முடிந்தது. அது மூன்று ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1817 ஒக்டோபரில் ஊவாவும் வெல்லஸ்ஸவும் கிளர்ந்தன. பதுளையில் பிரித்தானியப் பிரதிநிதியாயிருந்த டக்ளஸ் வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டு நவம்பரில் கண்டியில் அவர் தலை வெட்டப்பட்டது. வயலும் கால்நடையும் வீடும் அழிக்கப்பட்டு ஊவா அடக்கப்பட்டது. ஒப்பந்தத்தில் பிரதானிகளின் ஒப்பம் இருந்தது; மக்களின் சம்மதம் இருக்கவில்லை. அதை நிரூபித்த மண் இது.

இங்கே தமிழ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. அந்த ஒப்பந்தம் நீக்கப்பட்ட அரசனின் உறவினர் எவரையும் எதிரியாக அறிவித்தது; வெளியேற்றப்பட்ட தமிழ் ஆண்கள் அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுக்குள் திரும்பக் கூடாது என்றும் விதித்தது. ஆனால் 1817இல் கிளர்ச்சி திரண்டது அரச குடும்பத்து துரைசாமி என்று தன்னை அறிவித்துக்கொண்ட ஒருவரின் பின்னால். அவர் உண்மையில் வில்பாவே என்ற சிங்களவர். ஆயினும் ஊவாவின் சிங்கள விவசாயிகள் அந்தத் தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொண்டு உயிரைக் கொடுத்தார்கள். மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு அந்நியர் என்று மேடைகளில் முழங்குகிறவர்களுக்கு ஊவாவின் வரலாற்றிலேயே பதில் கிடக்கிறது. பிரித்தானியரோ, தமிழரை அனுமதியின்றி வரக்கூடாது என்று எழுதிய அதே மாகாணங்களுக்குச் சில தசாப்தங்களுக்குள் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழரை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தார்கள்.

அப்படியான இன்னொரு மேசை, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கையும் இந்தியாவும் கையெழுத்திட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றிருந்த 975,000 பேர் கணக்கில் எடுக்கப்பட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். பத்தாண்டு கழித்து, 1974இல், அந்த மிச்சத்தையும் 75,000 படி சரிபாதியாகப் பிரித்தார்கள். 1964இல், இரண்டாண்டுக்கு முன் சீனாவிடம் பட்ட அடி இந்தியாவுக்கு இன்னும் ஆறியிருக்கவில்லை. ஒப்பந்தத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் சீனா தன் முதல் அணுகுண்டைச் சோதித்திருந்தது. தெற்கே ஓர் அயலவரின் நட்பு தில்லிக்கு அவசியப்பட்டது. நேரு காலத்தில் இழுபட்ட கணக்கை சாஸ்திரி ஏன் இவ்வளவு விரைவாக முடித்தார் என்பதை இந்தப் பின்னணியில்தான் நான் புரிந்துகொள்கிறேன். நட்புக்கு விலை கொடுத்தவர்கள் தில்லியில் இல்லை, பசறையிலும் லுணுகலையிலும் இருந்தார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியன் பாஸ்போட், தம்பிக்கு சிலோன் பிரஜாவுரிமை. பெட்டி படுக்கையோடு பதுளை ஸ்டேசனில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, கண்ணால் பார்த்திராத சொந்த ஊருக்குப் போனார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் கொடைக்கானலிலும் அவர்களை இன்றைக்கும் சிலோன்காரர் என்றுதான் அழைக்கிறார்கள். 1984இல் கப்பல் நின்றது. இங்கே எஞ்சியவர்களின் நாடற்ற நிலையை முடிக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிறு நாட்டுக்குப் பெரிய நாடுகள் இழைக்கும் அநீதியைப் பற்றி நாம் நிறையப் பேசுவோம், பேசவும் வேண்டும். ஆனால் பெரிய நாட்டின் முன் சம உரிமை கேட்ட அதே அரசு, தன் மலைகளில் வாழ்ந்தவர்களை இன்னொரு அரசோடு பங்குபோட்டுக்கொண்டது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கும் துணிவு இந்த அரங்குக்கு வேண்டும். கொழும்பின் நியாயத்தைப் பேசும் கட்டுரை கொழும்பின் பிழையையும் பேசட்டும். தில்லியின் பிழையைப் பேசும் கட்டுரை, வந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் என்ன கிடைத்தது என்பதையும் பேசட்டும்.

அதற்குச் சான்றுகள் வேண்டும். பாதுகாப்புச் சபையின் நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன, எவரும் எடுத்துப் படிக்கலாம். நம்முடைய சான்றுகள் அப்படிப் பத்திரமாக இல்லை. தோட்டக் கந்தோர்களில் பழைய செக்ரோல் புத்தகங்களைக் கறையான் தின்கிறது. நிர்வாகம் மாறும்போது அவை தீயில் போடப்படுகின்றன. பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதிகளும், நிராகரிப்புக் கடிதங்களும், இரத்தான பாஸ்போட்டுகளும் லயங்களில் தகரப் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. ஒரு பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லாததால் விண்ணப்பம் தள்ளப்பட்ட தாத்தாவின் கதையை நினைவிலிருந்து சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த அரங்கு கலையும் முன்னர் பசறை, லுணுகலை, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய நான்கு பகுதிகளுக்கும் ஆய்வு மாணவர் குழுக்களைப் பெயர் குறித்து அமைத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மூலங்களை எடுத்துவர வேண்டாம்; வீட்டுக்காரர் முன்னாலேயே படம் பிடித்து, மூலத்தை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். இந்த மக்களிடமிருந்து காகிதங்களை வாங்கிக்கொண்டு போனவர்கள் ஏற்கெனவே அதிகம்.

முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.