இரசாயனப் பொறியியற் கல்வியும் அது காட்டும் வழிகளும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



"என்ன தம்பி படிக்கிறீர்?" என்று பெரியவர்கள் வினவ, "இரசாயனப் பொறியியல்" என்று நாம் விடை பகர்ந்தால், "அது மருந்து கலக்கிற வேலையோ?" என்ற மறுவினாவே பெரும்பாலும் எழுகின்றது. பாலங் கட்டும் பொறியியலாளரை ஊர் அறியும். மின்சாரத் துறையினரையும் அறியும். எம்மவரை அறிந்தோர் சிலரே. ஆதலின் இத்துறை யாது, அதனைக் கற்பது எங்ஙனம், கற்றபின் செய்யத்தக்க தொழில்கள் எவை என்னும் மூன்றையும் இங்கு சுருங்கக் கூற விழைகின்றோம்.

இரசாயனவியலாளன் ஒரு பொருளை ஆய்வுகூடத்துக் குடுவையில் ஆக்கிக் காட்டுகிறான். அதனையே நாள்தோறும் தொன் கணக்கில், கட்டுப்படியான செலவில், எவருக்குந் தீங்கின்றி ஆக்குவது இரசாயனப் பொறியியலாளனின் பணி. குடுவையைப் பெரிதாக்கினாற் போதாதோ எனச் சிலர் கேட்கலாம். ஐந்து பேருக்குச் சோறு சமைக்கும் இல்லத்தரசியிடம் ஆயிரம் பேருக்கான அன்னதான அடுப்பை ஒப்படைத்துப் பாருங்கள்! அரிசியையும் நீரையும் இருநூறு மடங்காக்கினால் மட்டும் சோறு பதமாக வந்துவிடாது. அடி பிடிக்கும், மேல் வேகாது. காரணம் எளிது. ஒரு பாத்திரத்தின் நீள, அகல, உயரங்களை இரட்டித்தால் அதன் கொள்ளளவு 8 மடங்காகும். வெப்பம் புகும் மேற்பரப்போ 4 மடங்கே ஆகும். அன்னதானப் பானையில் இது சோற்றைக் கெடுக்கும். வெப்பத்தைத் தானே வெளிவிடும் தாக்கம் நிகழும் உலையிலோ, அவ்வெப்பம் வெளியேற வழியின்றி உலையே வெடிக்கும்.

இதற்குச் சரித்திரச் சான்று ஒன்று கூறுவோம். காற்றிலுள்ள நைதரசனை ஐதரசனோடு சேர்த்து அமோனியா ஆக்கும் வழியை ஜேர்மனியரான பிரிற்ஸ் ஹேபர் 1909 இல் ஆய்வுகூடத்திற் செய்து காட்டினார். அஃது துளித்துளியாகவே வந்தது. அதனைத் தொழிற்சாலைக்குக் கொணரும் பொறுப்பு கார்ல் பொஷ் என்பாரிடம் வந்தது. சுமார் 200 வளிமண்டல அழுக்கத்தையும் 500 பாகை வெப்பத்தையும் உருக்குக் குழாய்கள் தாங்கவில்லை. ஐதரசன் உருக்கினுட் புகுந்து அதிலுள்ள காபனைக் கவர, குழாய்கள் சில நாட்களிலேயே வெடித்தன. பொஷ் உள்ளே மெல்லிரும்பாலான உறையொன்றை அமைத்தார். வெளி உருக்கிலே சிறு துளைகளிட்டு, கசிந்த ஐதரசன் வெளியேற வழி செய்தார். 1913 இல் ஒப்பாவிற் தொழிற்சாலை இயங்கிற்று. இன்று எமது வயல்களுக்கு இடும் யூரியாவின் மூலம் அந்த அமோனியாவே. ஹேபர் கண்டது உண்மை. ஆனால் பொஷ் இட்ட அத்துளைகள் இன்றேல் அவ்வுண்மை உலகுக்குச் சோறு போட்டிராது.

இக்கலை தனித்துறையாக அமைந்து நெடுங்காலமாகவில்லை. ஜோர்ஜ் டேவிஸ் என்பார் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரில் 1887 அளவிலே இதுபற்றி விரிவுரைகள் ஆற்றினார். 1915 இல் அமெரிக்கரான ஆதர் லிற்றில், எத்தொழிற்சாலையாயினும் அதன் வேலைகளைச் சில அடிப்படைச் செயல்களாகப் பிரித்துவிடலாம் என விளக்கினார். அச்செயல்கள் எமக்குப் புதியனவல்ல. கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி ஆக்குவது ஆவியாக்கல். ஒடியலை வெயிலிற் பரப்புவது உலர்த்தல். ஆனையிறவில் உப்பு விளைவது பளிங்காக்கல். கள்ளிலிருந்து சாராயம் வடிப்பது காய்ச்சி வடித்தல். பெற்றோல், சீனி, மருந்து ஆகிய யாவும் இச்செயல்களின் கோவைகளே.

இனிக் கற்கும் வழி. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும். மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இத்துறை உண்டு. தொடக்கத்திற் பொறியியல் மாணவர் அனைவரும் பொதுப் பாடங்களைப் பயில்வர்; பின்னரே தத்தம் துறைகளுக்குப் பிரிவர். படிப்பு நான்கு ஆண்டுகள். முதலில் வருவது திணிவுச் சமநிலை. புகுந்தது எவ்வளவு, வெளிவந்தது எவ்வளவு, உள்ளே தங்கியது எவ்வளவு என்று கணக்கெழுதுவதே அது. கடை முதலாளியின் பேரேட்டிற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. அதன்பின் பாய்மங்களின் ஓட்டம், வெப்ப இடமாற்றம், உலை வடிவமைப்பு, கட்டுப்பாடு, பாதுகாப்பு என்பன தொடரும். தொழிற்சாலைப் பயிற்சியும் உண்டு. இரசாயனத்திலும் கணிதமே மிகுதி என்பதை உயர்தர மாணவர் இப்போதே அறிந்துகொள்ளல் நன்று. விரிவுரைகள் ஆங்கிலத்தில் நிகழ்வதால் அம்மொழிப் பயிற்சியும் அவசியம்.

தொழில்களைப் பற்றிப் பெற்றோர் கவலை நியாயமானது. சப்புகஸ்கந்தை எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் 1969 இல் தொடங்கியது. நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் வரை சுத்திகரிக்கவல்லது. அத்தகைய பெருந் தொழிற்சாலைகள் நம் நாட்டில் மிகச் சிலவே என்பதை மறைத்தல் முறையன்று. எனினும் இறப்பர், சீமெந்து, சவர்க்காரம், பால்மா, மருந்து, சாயமிடல், சிரட்டைக் கரி எனப் பல தொழில்கள் எம்மவரை வேண்டுகின்றன. கழிவுநீரைச் சுத்திகரித்தலும் சூழலைக் காத்தலும் பெருகிவரும் துறைகள். வளைகுடா நாடுகளும் அவுஸ்திரேலியாவும் அழைக்கின்றன. இராப்பகலாய் முறைமாறி வேலை செய்யவும், எண்ணெய் நாற்றத்தைப் பொறுக்கவும், ஊரைப் பிரிந்து வாழவும் மனம் வேண்டும்.

சகோதரிகளுக்கும் இத்துறை உரியது. மார்கரெற் ஹச்சின்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1937 இல் இரசாயனப் பொறியியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் பென்சிலினைப் பெருந்தொட்டிகளில் ஆக்கும் தொழிற்சாலையின் வடிவமைப்பில் முன்னின்றார். 1928 இற் கண்டறியப்பட்ட அம்மருந்து, 1944 இலேயே பேரளவில் போர்க்களத்துக் காயப்பட்டோரைச் சென்றடைந்தது.

பெரியோர்களே, எம் மனத்தை அழுத்தும் விடயமொன்றை இனிக் கூறுகின்றோம். ஒருகாலத்தில் ஆனையிறவின் உப்பு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்குச் சென்றது. உப்புநீரில் மின் பாய்ச்ச, சவர்க்காரத்திற்கும் கடதாசிக்கும் வேண்டிய எரிசோடாவும், குடிநீரைச் சுத்தஞ் செய்யும் குளோரீனும் பிறந்தன. 1950 இல் எழுந்த காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை நம் சுண்ணக்கல்லைச் சீமெந்தாக்கியது. போர் இவ்விரண்டையும் நிறுத்திற்று. உப்பும் சுண்ணக்கல்லும் இன்றும் இங்கேயே இருக்கின்றன; குளோரீனோ கப்பலில் வருகின்றது. புல்மோட்டையின் இல்மனைற்று மணலை மணலாகவே ஏற்றுமதி செய்து, அதனின்று ஆகும் வெள்ளை நிறப்பொருளை விலை கொடுத்து வாங்குகின்றோம். கைப்பொருளை மலிவாக விற்று, அதையே மதிப்பேற்றிய விலைக்கு வாங்கும் குடும்பம் எங்ஙனம் முன்னேறும்?

நீரின் நிலையும் அவ்வாறே. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் படுகையில் உரத்தின் நைத்திரேற்று இறங்கிக் கிணறுகள் பலவற்றைக் கெடுத்துள்ளது. தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரவல்லது. அதன் மென்சவ்வுகளைப் பேணவும், எஞ்சும் கடும் உப்புநீர் மீன்பிடிக் கடலைக் கெடாது காக்கவும் கற்றோர் வேண்டும். அவ்வேலைக்கு நம் பிள்ளைகள் ஆயத்தமாகாவிடின் அயலிலிருந்தே ஆட்களை அழைக்க நேரும்.

ஆனால் எச்சரிக்கையும் ஒன்றுண்டு. 1984 டிசம்பரிற் போபாலில், பூச்சிகொல்லி ஆலையின் தாங்கியொன்றினுள் நீர் புகுந்து நச்சுவாயு வெளிப்பட்டது. உறங்கிய மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அன்று அங்கே குளிரூட்டும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. காப்புச் சாதனங்கள் வேலை செய்யவில்லை. ஆகவே பரந்தனில் மீண்டும் புகைபோக்கி எழவேண்டும் என விரும்பும் நாம், அதன் அருகே வாழும் குடும்பங்களின் உறக்கத்திற்கும் பொறுப்பாளிகளாவோம். இலாபங் கருதிக் காப்பைக் குறைக்கும்படி மேலாளர் கூறும்போது, "ஆகாது" என்று சொல்லும் துணிவும் இக்கல்வியின் பகுதியே.

இளைஞர்களே, கணிதத்தில் விருப்பமும், ஒரு பொருள் எங்ஙனம் ஆகின்றது என்று அறியும் ஆவலும் உங்களுக்கு உண்டாயின் இத்துறையை அஞ்சாது தெரிந்தெடுங்கள். பெற்றோர்களே, வைத்தியம், கட்டடம் என்னும் இரண்டோடு பிள்ளையின் வழியை அடைத்துவிடாதீர்கள். வெளிநாடு சென்று கற்போரும் கற்கட்டும், ஈட்டுவோரும் ஈட்டட்டும். எனினும் ஆனையிறவின் உப்பை உப்பாகவே பார்த்துக்கொண்டிராமல், அதிலிருந்து ஒரு தொழிலை எழுப்பச் சிலராவது இங்கே நிற்க வேண்டும். அச்சிலருள் இச்சங்கத்தார் இருப்பின் எம் மகிழ்ச்சி பெரிது.